கால் மாறி நில்லுங்கள்!

மதுரையில் லேசாக நொண்டி நடந்து பாருங்கள். டவுன்ஹால் ரோட்டில் ரயில்வே ஸ்டேஷன் முனையிலிருந்து புறப்பட்டு மேலக் கோபுரம் பக்கத்தில் வருவதற்குள் அரை டஜன் வைத்தியம் இலவசமாகக் கிடைத்துவிடும்.

"என்னண்ணே, கால் பிசகிருச்சா?" என்று முதல் ஆள் ஆரம்பிப்பார். புளியையும் உப்பையும் கரைத்துக் கொதிக்கவைத்து, பொறுக்கிற சூட்டில் பற்றுப் போடச் சொல்வார். அடுத்தவர், "அதெல்லாம் ஆகாது, மூசாம்பரம்தான்" என்பார். மூன்றாமவருக்கு முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, துணிக்கட்டு. நாலாவது ஆசாமி ஜிகர்தண்டா கடை வாசலில் நிற்பவர், அதனால் ஐஸ்கட்டி. ஐந்தாமவர், "ஐஸா? கால் மரத்துப் போகும்யா, வெந்நீர் ஒத்தடம் குடு" என்று சண்டைக்கு வருவார். கடைசியாக ஒரு பெரியம்மா, "கால் முன்னால வந்து பொறந்தவுக யாராச்சும் இருந்தா லேசா மிதிச்சு விடச் சொல்லுப்பா, சடக்குன்னு நேராயிரும்" என்பார். வைத்தியரின் தகுதியைப் பிரசவ வார்டு ரெக்கார்டில் தேடுகிற ஒரே துறை சுளுக்குதான்.

இத்தனை வைத்தியத்துக்கும் ஊரில் நல்ல பெயர் இருக்கிறது. காரணம் சுலபம். பெரும்பாலான சுளுக்கு, எது செய்தாலும், எதுவுமே செய்யாவிட்டாலும், இரண்டு மூன்று வாரத்தில் நடக்கிற அளவுக்கு வந்துவிடும். கடைசியாக எந்தப் பற்றுப் போட்டோமோ அதற்கு மாலை மரியாதை.

நான் சொல்ல வந்தது அந்தச் சுளுக்கைப் பற்றி அல்ல. போகாத சுளுக்கு. மாசக்கணக்கில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிற சுளுக்கு.

எங்கள் ஆபீஸில் கணக்குப் பிரிவில் ஒரு தம்பி இருக்கிறார். வயது 27. மாட்டுத்தாவணியில் பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கியதில் வலது கரண்டைக் கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. நாலு மாசம் ஆகிறது. காலையில் எழுந்தால் விறைப்பு. சாயங்காலமானால் செருப்பு வார் பதிகிற வீக்கம். மேடு பள்ளத்தில் கால் வைத்தால் திடீரென்று யாரோ தட்டிவிட்ட மாதிரி மடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் போச்சு. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறார், என் மாமனார் மாதிரி.

"கட்டுப் போட்டாச்சு, தைலம் தேச்சாச்சு, எக்ஸ்ரேயும் எடுத்தாச்சுண்ணே" என்றார். "எலும்பு நல்லாத்தான் இருக்காம். கால்தான் நல்லா இல்ல."

இதைவிடச் சுருக்கமாக இந்த வியாதியை எந்தப் புத்தகத்திலும் பார்க்க முடியாது.

அவருக்கு நான் முதலில் சொன்ன ஆறுதல், ஹர்திக் பாண்டியா. 2023 உலகக் கோப்பை, அக்டோபர் 19, புனே மைதானம், பங்களாதேஷுடன் ஆட்டம். தான் போட்ட பந்தை லிட்டன் தாஸ் நேராக அடிக்க, பாண்டியா அதைக் காலால் தடுக்கப் போய் இடது கணுக்காலைத் திருகிக்கொண்டார். பாக்கி மூன்று பந்தை கோலி போட வேண்டியதாயிற்று. ஓரிரு ஆட்டத்தில் வந்துவிடுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். நவம்பர் 4-ம் தேதி, உலகக் கோப்பையிலிருந்தே விலகல் என்று அறிவித்தார்கள். மறுபடி அவர் முக்கியமான மேட்ச் ஆட வந்தது 2024 மார்ச்சில், ஐ.பி.எல்.லுக்குத்தான். தனி டாக்டர், தனி பிசியோ, கூப்பிட்ட குரலுக்கு ஸ்கேன் என்று எல்லாம் உள்ள ஆளுக்கே ஐந்து மாதம். அதே கால்தான் 2024 ஜூன் 29-ல் டி20 உலகக் கோப்பை ஃபைனலின் கடைசி ஓவரைப் போட்டு ஜெயித்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். தம்பி முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

இந்த விஷயத்தில் பாண்டியாவும் தம்பியும் தனி ஆட்கள் இல்லை. 2008-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், சுளுக்கி ஒரு வருஷம் கழித்தும் வலி இருப்பவர்கள் நூற்றுக்கு 5 முதல் 33 பேர் வரை என்று கண்டார்கள். மூன்றில் ஒருவர் என்றால் சாதாரணமா? "வெறும் சுளுக்குதானே" என்பதில் உள்ள அந்த 'வெறும்' என்கிற வார்த்தைதான் பாதி வியாதி.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

கணுக்காலின் இரண்டு பக்கமும் எலும்பு முண்டு இருக்கிறதல்லவா, தொட்டுப் பாருங்கள். வெளிப்பக்க முண்டு உள்பக்க முண்டைவிடக் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். அதனால் பாதம் வெளிப்பக்கம் சாய்வது கஷ்டம், உள்பக்கம் சாய்வது சுலபம். அப்படிச் சாயாமல் பிடித்துக்கொள்வது வெளிப்பக்கத்தில் உள்ள மூன்று ஜவ்வுகள். அவற்றில் முன்னால் இருப்பதுதான் நோஞ்சான். சுளுக்கு என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் அடிவாங்குவது அதுதான். நரம்பு பிசகவும் இல்லை, எலும்பு நகரவும் இல்லை. ஜவ்வு இழுபட்டு, கொஞ்சமோ நிறையவோ கிழிந்திருக்கிறது. கிழிந்ததை மிதித்து நேராக்க முடியாது. முதல் இரண்டு மூன்று நாளில் அழுத்தி உருவி விட்டால் உள்ளே ரத்தக் கசிவும் வீக்கமும் கூடத்தான் செய்யும்.

கிழிந்த ஜவ்வு தானாகவே ஒட்டும். புது நார் உற்பத்தியாக ஆறு வாரம், அது முறுக்கேறிப் பழையபடி ஆக ஒரு வருஷம்கூட ஆகலாம். இதில் ஒரு சூட்சுமம். அந்தப் புது நார்கள் கோணல் மாணலாக விழாமல் ஒரே திசையில் அடுக்க வேண்டுமானால், அளவாகச் சுமை வேண்டும். செல்லூர்ப் பக்கம் தறி பார்த்தவர்களுக்குத் தெரியும். பாவு நூல் விறைப்பாக இருந்தால்தான் துணி ஒழுங்காக விழும். தொளதொளவென்று விட்டால் துண்டு, துண்டாகவே இருக்காது.

இங்கேதான் 'ரைஸ்' வைத்தியம் கொஞ்சம் இடறுகிறது. ரெஸ்ட், ஐஸ், கட்டு, காலை உயரத் தூக்கி வைப்பது - இந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 1978-ல் கேப் மிர்கின் என்கிற அமெரிக்க டாக்டர் வைத்த பெயர் அது. உலகம் பூராவும் மனப்பாடம் செய்தது. அதே மிர்கின் 2014-ல், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று தானே எழுதினார். ஐஸ் வலியைக் குறைக்கும், வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் முதல் சில நாளைக்கு மேல் கட்டிலிலேயே கிடந்தால் கால் குணமாவதற்குப் பதிலாகச் சோம்பேறியாகிவிடும். வலி பொறுக்கிற அளவுக்குச் சீக்கிரம் நடமாட விடு, சுமை கொடு என்பதுதான் இப்போதைய வைத்தியம்.

தம்பி இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் நடந்துக்கிட்டுத்தானே இருக்கேன், ஏன் மடங்குது?" என்றார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் 1965-லேயே வந்துவிட்டது.

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் வலது கால் எங்கே இருக்கிறது, நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா? பார்க்காமலே தெரிகிறதல்லவா? மூட்டிலும் ஜவ்விலும் தசையிலும் உள்ள பொடி நரம்புகள் நொடிக்கு நொடி மூளைக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கல்லில் கால் வைத்துப் பாதம் சாயும்போது, 'சாயுது, பிடி' என்று தகவல் போக, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்துத் தசைகள் சட்டென்று இழுத்து நிறுத்துகின்றன. மைக்கேல் ஃப்ரீமன் என்கிற ஆங்கிலேய எலும்பு டாக்டரும் அவர் கூட்டாளிகளும் 1965-ல் சொன்னது இதுதான்: ஜவ்வு கிழியும்போது அதிலுள்ள நரம்பும் சேர்ந்து அறுகிறது. ஜவ்வு ஒட்டிய பிறகும் தகவல் சரியாகப் போவதில்லை. முகூர்த்தம் முடிந்து வருகிற கல்யாணப் பத்திரிகை மாதிரி, கால் மடங்கிய பிறகுதான் தசைக்குத் தெரிகிறது.

ஃப்ரீமன் சொன்ன காரணத்தில் பின்னால் வந்தவர்கள் திருத்தம் போட்டார்கள். பழுது நரம்பில் மட்டும் இல்லை, மூளை காலை ஆட்டுவிக்கிற விதத்திலும் இருக்கிறது என்றார்கள். ஆனால் அவர் சொன்ன வைத்தியம் அறுபது வருஷமாக நிற்கிறது. அதுவும் எப்படி நிற்கிறது? ஒற்றைக் காலில்.

ஆமாம் சார், அதுதான் வைத்தியம். ஒற்றைக் காலில் நிற்பது. ஆடுகிற பலகையில் நிற்பது. காலுக்கு மறுபடி புத்தி சொல்லிக்கொடுப்பது. நெதர்லாந்தில் 522 விளையாட்டுக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு 2009-ல் வெளியானது. எல்லோரும் சுளுக்கிக் குணமானவர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மீதிப் பேருக்குக் கூடுதலாக எட்டு வாரம், வாரம் மூன்று தடவை, வீட்டிலேயே இந்தச் சமநிலைப் பயிற்சி. ஒரு வருஷத்தில் மறுபடி சுளுக்கியவர்கள் முதல் கோஷ்டியில் நூற்றுக்கு 33, பயிற்சி செய்த கோஷ்டியில் 22. கூடவே நின்று மேய்க்க ஆள் இல்லாமல், அவரவர் வீட்டில் செய்ததற்கே இந்தப் பலன்.

ஒற்றைக் காலில் நிற்பது என்றதும் மதுரைக்காரனுக்கு வேறொன்று ஞாபகம் வரவேண்டும். மீனாட்சி அம்மன் கோயில் வெள்ளியம்பலம். மற்ற ஊர் நடராஜர் வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்குவார். இங்கே மட்டும் இடது காலை ஊன்றி வலது காலைத் தூக்கியிருப்பார். திருவிளையாடல் புராணம் காரணம் சொல்கிறது. ராஜசேகர பாண்டியன் மற்ற கலைகளையெல்லாம் கற்றுவிட்டு, கடைசியில் பாக்கியிருந்த நாட்டியத்தையும் கற்றுக்கொண்டான். ஆடிப் பார்த்தபோதுதான் கால் என்ன பாடு படுகிறது என்று புரிந்தது. காலங்காலமாக ஒரே காலை ஊன்றி ஆடுகிறாரே, வலிக்காதா என்று அழுது, கால் மாற்றாவிட்டால் உயிரை விடுவேன் என்று நின்றுவிட்டான். ஆண்டவன் கால் மாறி ஆடினார்.

எனக்கு அந்தப் பாண்டியனிடம் பிடித்தது இதுதான். தானே ஒற்றைக் காலில் நின்று பார்த்த பிறகுதான் அடுத்தவர் காலைப் பற்றிப் பேசினான். நீங்களும் இப்போதே நின்று பாருங்கள். வெறுங்காலுடன், பிடித்துக்கொள்ளச் சுவர் பக்கத்தில் இருக்கட்டும். நல்ல காலில் முப்பது வினாடி. பிறகு கால் மாறி, சுளுக்கிய காலில் முப்பது வினாடி. இரண்டாவது தடவை பாதம் கிடுகிடுவென்று ஆடினால், உங்கள் பாக்கி வைத்தியம் எது என்று தெரிந்துவிட்டது.

நான் டாக்டர் இல்லை. ஒரு பிசியோதெரபிஸ்ட் நண்பர் தம்பிக்குச் சொன்ன வரிசை இது.

முதலில் விறைப்பு போகவேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கட்டைவிரலால் காற்றில் எழுத்து எழுதுவது. இருநூற்று நாற்பத்தேழும் வேண்டாம், அ முதல் ஔ வரை போதும். பிறகு சுவர் முன்னால் நின்று, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முழங்காலைச் சுவரில் தொடுவது. இந்த மடக்கம் வராவிட்டால் இந்தியன் டாய்லெட்டில் குந்த முடியாது. எத்தனையோ பேர் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகாமல் தவிர்ப்பதற்கு இது ஒரு ரகசியக் காரணம்.

இரண்டாவது, பலம். இரண்டு காலிலும் குதிகாலை உயர்த்தி இறக்குவது, பிறகு ஒரு காலில். பழைய சைக்கிள் டியூப்பை மேஜைக் காலில் கட்டி, பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் இழுப்பது.

மூன்றாவது, நம்ம வெள்ளியம்பலம். ஒற்றைக் காலில் முப்பது வினாடி. அது சுலபமானால் கண்ணை மூடிக்கொண்டு. அதுவும் வந்துவிட்டால் தலையணை மேல். அப்புறம் யாராவது பந்தைப் போட, நின்றபடியே பிடிப்பது. பல் தேய்க்கிற நேரமே போதும், தனியாக ஜிம் தேவையில்லை.

கடைசியில்தான் குதித்தல், ஓடுதல், சட்டென்று திரும்புதல். கெட்ட காலில் நொண்டியடிப்பது நல்ல காலுக்குச் சமமாக வந்தால் மைதானத்துக்குப் போகலாம். போனாலும் ஒரு வருஷம் வரை ஆட்டத்தின்போது கணுக்காலுக்கு பிரேஸ் மாட்டிக்கொள்வது நல்லது. நடுவில் லேசான வலி வரும், பயம் வேண்டாம். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் முந்தின நாள் ஓவர் என்று அர்த்தம். ஒரு படி இறங்குங்கள்.

இனி சிரிக்காமல் படிக்கவேண்டிய பாரா.

எது சுளுக்கு, எது முறிவு? கனடாவில் ஒட்டாவா நகரத்தில் இயான் ஸ்டீல் என்கிற டாக்டரும் குழுவும் 1992-ல் ஒரு சுலப விதி வகுத்தார்கள். அடிபட்ட உடனேயும், ஆஸ்பத்திரியிலும் நாலு எட்டு வைக்க முடியவில்லையா? எக்ஸ்ரே. கணுக்கால் முண்டுகளின் பின் ஓரத்தில், அல்லது முனையில் எலும்பைத் தொட்டால் உயிர் போகிறதா? எக்ஸ்ரே. பாதத்தின் நடுவே வெளி ஓரத்திலோ உள் ஓரத்திலோ எலும்பு முண்டைத் தொட்டால் அப்படி வலிக்கிறதா? எக்ஸ்ரே. இதைப் பார்க்காமல் கட்டுப் போடுகிற இடத்துக்கு நேராகப் போய்விட்டு, முறிந்த எலும்போடு ஆறு வாரம் நடந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

எக்ஸ்ரே நன்றாக இருந்தும், ஒழுங்காகப் பயிற்சி செய்தும், ஆறு எட்டு வாரத்தில் துளி முன்னேற்றம் இல்லையென்றால் எலும்பு டாக்டரிடம் திரும்பப் போங்கள். பெரியாஸ்பத்திரியானாலும் சரி. மூட்டுக்குள் குருத்தெலும்பு பெயர்ந்திருக்கலாம், பக்கத்துத் தசைநார் கிழிந்திருக்கலாம், கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடிக்கிற ஜவ்வு விட்டிருக்கலாம். இவை சாதா எக்ஸ்ரேயில் தப்பிவிடும், ஸ்கேன் வேண்டும். ஜவ்வை இழுத்துத் தைக்கிற ஆபரேஷனும் இருக்கிறது. ஸ்வீடன்காரர் ப்ரோஸ்ட்ரம் 1966-ல் சொன்ன முறை, இன்றும் அதன் வழிதான். பெரும்பாலோருக்கு அதுவரை போகவேண்டியிருக்காது.

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கணுக்கால் வீங்கி, சூடாக, சிவப்பாக இருக்கிறது, ஆனால் வலி அவ்வளவாக இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். உணர்வு குறைந்த காலில் உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். காலை ஊன்றாமல், அன்றைக்கே டாக்டர்.

இவ்வளவும் எழுதும்போது மனசில் உறுத்துகிற ஒரு ஆள் உண்டு. எங்கள் ஆபீஸுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவருகிற பையன். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் நாலு மாடி ஏறி வருவான். போன மாசம் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தான். "என்ன தம்பி, சுளுக்கா? ரெண்டு நாள் லீவு போடலாம்ல?" என்று கேட்டேன். "லீவு போட்டா காசு வராதுண்ணே" என்று சிரித்துவிட்டு இறங்கினான். கணக்குப் பிரிவுத் தம்பிக்கு மெடிக்கல் லீவு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்தான் நஷ்டம். இவனுக்குக் கால்தான் கடை. ஆறாத சுளுக்கு திரும்பத் திரும்ப மடங்கினால் வருஷங்கள் கழித்து அந்த மூட்டே தேய்ந்துபோகிற ஆபத்து உண்டு. 22 வயதில் அதைக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறான். மறுநாளிலிருந்து ஆர்டர் போட்ட ஆள் கீழே இறங்கிப்போய் வாங்கிக்கொள்வது என்று எங்கள் மாடியில் முடிவு செய்தோம். அதோடு, பைக்கை நிறுத்திக் காத்திருக்கிற நேரத்தில் அவன் செய்வதற்கு ஒரு வேலையும் சொல்லிக்கொடுத்தோம். இப்போது ஓட்டல் வாசலில் பார்சல் வருகிறவரை சுவரோரமாக ஒற்றைக் காலில் நிற்கிறானாம்.

கணக்குப் பிரிவுத் தம்பிக்கு இது ஐந்தாவது வாரம். கண் திறந்து முப்பது வினாடி தாண்டிவிட்டார், கண் மூடினால் பத்து. மேடு பள்ளத்தில் மடங்குவது குறைந்திருக்கிறது. வீட்டில்தான் சின்னச் சிக்கல். விடிகாலையில் பிரஷ்ஷும் நுரையுமாகக் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்த அப்பத்தா, பயந்துபோய்க் கேட்டிருக்கிறார்:

"ஏன்டா, எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்ட? பொண்ணு எதுவும் அமையலையா?"